சத்தமில்லாத இரண்டு நாட்கள்

ஹட்டன் பஸ் நிலையத்தில், லிந்துலைப் பக்கம் போகும் பஸ் புறப்படுவதற்குக் காத்திருந்தேன். மடியில் விரித்திருந்த லேப்டாப்பில் அப்போதுதான் ஒரு பட்டியல் ஓடி முடிந்திருந்தது. ஞாயிறு, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, ஞாயிறு, ஞாயிறு என்று அது இறங்கிக்கொண்டே போனது. தேர்வுக்குழுவின் முன் நான் நிற்பதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் இயற்பியலும் வானியலும் படிக்கிறவள். முதல் பட்டம் முடித்த கையோடு எம்.பில். என்கிற முதுதத்துவமாணி ஆய்வுக்குப் பதிந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு குழுவின் முன் நின்று, செய்த வேலையைக் காட்டி, கலாநிதிப் பட்டத்துக்கு, பிஎச்.டி.க்கு, தரமுயர்த்தும்படி கேட்க வேண்டும். குழு தலையாட்டினால் இன்னும் மூன்று வருஷம் சூரியனோடு இருக்கலாம். ஆட்டாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு இடமில்லாதபடி நானே பண்ணி வைத்திருந்தேன். ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை வேலைக்கு எனக்கு நியமனக் கடிதம் வந்திருந்தது. குழு என்னைத் தரமுயர்த்தாமல் எங்கே போகும் என்ற திமிரில், அதை ஏற்கவேண்டிய கடைசி நாளை வேண்டுமென்றே கடக்கவிட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது. கடிதத்தின் பிரதியை மாதா படத்துக்குக் கீழே வைத்து அவள் தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்றால், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்பிக் கூட்டத்திலிருந்து வந்தது.

சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை, ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது. அங்கே கொந்தளிப்பு வந்தால் இங்கே அந்த அலைகள் கூடும். அதைப் பிடிக்க ஒரு அன்டெனாவும் ஒரு பெட்டியும் போதும். மழைக்கும் மூட்டத்துக்கும் ரேடியோ அலை பயப்படாது. ஆனால் நகரத்துச் சத்தத்துக்குப் பயப்படும். தொலைபேசிக் கோபுரம், வானொலி நிலையம், மோட்டார் என்று மனிதர்கள் போடும் ரேடியோ சத்தத்தில் சூரியனின் குரல் அமுங்கிப்போகும். பல்கலைக்கழகத்தில் வைத்துப் பார்த்தோம், ஒன்றுமே கேட்கவில்லை. அப்போது என் மேற்பார்வையாளரான பேராசிரியர், யாழ்ப்பாணத்து அம்மா, வரைபடத்தை விரித்து, நாலு பக்கமும் மலை மறைக்கிற ஒரு பள்ளம் வேண்டும் என்றார். நான் என் வீட்டைத் தொட்டுக் காட்டினேன்.

தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி வாங்கி, தூண் நாட்டி, கம்பி இழுத்துத் தந்தது அப்பா. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்டெனா உச்சியைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். நடுப்பகலை ஒட்டிச் சூரியன் அதன் பார்வைக்குள் வந்து போகும். அந்த இரண்டரை மணி நேரப் பதிவை மட்டும்தான் நான் ஆராய்ச்சிக்கு எடுத்தேன். மிச்ச நேரத்தை வெட்டி எறிந்துவிடுவேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று அப்பா தினமும் பார்ப்பார். அவர் போன பிறகு அம்மா பார்த்தாள்.

ஆரம்பத்தில் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் நடுப்பகலில் கோடு மெதுவாக ஏறி, இருபது நிமிஷம் நின்று, இறங்கியது. மறுநாளும் வந்தது. சில காலம் பத்து நிமிஷம், சில காலம் முக்கால் மணி. மழைக்குப் பின் வெயிலடிக்கும் மாதங்களில் நீண்டது, வரட்சியும் காற்றுமான மாதங்களில் சுருங்கியது. இடையிடையே ஒரு நாள் அடியோடு அடங்கியது. அந்த அடக்கத்துக்கு ஒரு கால இடைவெளி இருக்கிறதா என்று கணினியைக் கேட்டபோது, ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவு என்றது. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற இருபத்தேழு நாள் போல ஆகும். அதில் கால்வாசி! பேராசிரியர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். "பிள்ளை, இது சின்ன விஷயமில்லை" என்றார். நான் அன்று கன்டீனில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஏழு நாள் என்றதும் பச்சைப் பிள்ளைக்குக்கூட வாரம்தானே ஞாபகம் வரும், உனக்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு வரவில்லை. வானியல்காரர்களுக்கு நாட்களை எண்ணுவதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாதமும் கிழமையும் இல்லாமல், ஏதோ ஒரு பழைய நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும் ஏழு இலக்க எண் அது. கணக்குப் போட வசதி. என் பதிவுகள் எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. அதில் தைப்பொங்கலும் இல்லை, நத்தார்ப் பண்டிகையும் இல்லை, ஞாயிறும் இல்லை. இரண்டு வருஷமாக அந்த எண்களுக்குள்ளேயே குடியிருந்து, வாரம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன அறிவாளி நான்.

அன்று காலையில் பேராசிரியர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். குழுவில் வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்கு வானியல் பழக்கமில்லை, நாட்களை எல்லாம் சாதாரண நாட்காட்டிக்கு மாற்றிவிடு என்று. பஸ்ஸுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், அலை அடங்கிய நாட்களை மட்டும் எடுத்து, முதலில் கிழமையையும் பொது விடுமுறையையும் போடச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவுதான். ஞாயிறு, ஞாயிறு, போயா.

சூரியன் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்குமா? போயாவுக்கு விரதமிருந்து சில் எடுக்குமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சத்தமாகவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

தலவாக்கலை தாண்டும்வரைக்கும் என் மூளை எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. எல்லா ஞாயிறும் இல்லையே, சில ஞாயிறுகளில் அலை வந்திருக்கிறதே என்றது. அதற்கும் பதில் எனக்குள்ளேயே இருந்தது. கொழுந்து கூடிய மாதத்தில் தோட்டத்தில் ஞாயிறும் வேலை கொடுப்பார்கள். எனக்கா தெரியாது! ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, பூசைக்கு யார் கூட்டிப் போவது என்று அழுதவளே நான்தான். மழையும் வெயிலும் மாறி வந்தால் கொழுந்து கூடும், வரட்சியில் குறையும். என் அலையும் அப்படியே கூடியது, குறைந்தது.

அதை நான் கேட்டது வானத்திலிருந்து அல்ல, மடுவத்திலிருந்து. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. எங்கள் அன்டெனாவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே கொக்கித் தராசு தொங்கும். நான் அன்டெனா வைத்து இரண்டு மாதம் கழித்து மின்தராசு வந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு பழைய வாகன பேட்டரியும், அதன் மின்சாரத்தை மாற்றித் தரும் ஒரு மலிவான இன்வேர்ட்டர் பெட்டியும் வைத்தார்கள். அப்படிப்பட்ட மலிவுப் பெட்டி ஓடும்போதெல்லாம் ரேடியோ சத்தத்தைக் கக்கும். பகல் நிறுவைக்கு மட்டும் அந்த மடுவம். காலையும் மாலையும் லொறி மலைக்கே போய் நிறுத்துக்கொண்டு வரும். புதுத் தராசு வந்த சந்தோஷத்தை அம்மா எனக்குப் போனில் அரை மணி நேரம் சொன்னாள். நான் அதே வாரத்தில், சூரியன் விழித்துக்கொண்டது என்று குறிப்பேட்டில் எழுதி, இரண்டு ஆச்சரியக்குறி போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா முகத்தைப் பார்த்தாள். "என்னா புள்ள, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பஸ்ல வாந்தி வந்திருச்சும்மா."

"நாளைக்கு லீவு போடவா?"

"வேணாம். நீ வேலைக்குப் போ. நாளைக்கு வேல இருக்குல்ல?" என்று கேட்டேன். அம்மாவின் வேலையைப் பற்றி நான் அவ்வளவு அக்கறையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்கும்.

மறுநாள் பதினொன்றரைக்கே அன்டெனாவின் பக்கத்தில் லேப்டாப்பைப் பெட்டியோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியனைக் காணோம், பனிமூட்டம் பள்ளத்தை அடைத்திருந்தது. கீழே மடுவத்தின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. கோடு தட்டையாக ஓடியது. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆயிற்று. பெண்கள் முதுகில் மூட்டைகளோடு ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். மாதாவே, கோடு அப்படியே ஓடட்டும் என்று வேண்டினேன். கொழுந்து நிறுத்து எழுதுகிற கணக்கப்பிள்ளை சைக்கிளை நிறுத்தி மடுவத்துக்குள் நுழைந்தார். கோடு ஏறியது.

ஒரு நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று எனக்குப் பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். அணைத்தால் இறங்கவேண்டும், போட்டால் ஏறவேண்டும், அப்போதுதான் நிச்சயம். கீழே ஓடினேன்.

"ஐயா, அந்த இன்வேர்ட்டர ரெண்டு நிமிசம் அணைச்சிட்டுப் போடுறீங்களா?"

கணக்கப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. "எதுக்கு?"

"ஒரு டெஸ்ட்டுங்க. மூணு தடவ அணைச்சு அணைச்சுப் போட்டா போதும்."

"தங்கச்சி, நிறுக்கிற நேரத்துல வந்து வெளையாடாதீங்க. அணைச்சா தராசு சைபருக்குப் போயிரும். அப்பறம் எட குறைஞ்சிருச்சுன்னு இவங்க என் உசுர எடுப்பாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இன்னொரு பக்கம் முணுமுணுப்பும் கிளம்பியது. "பசி கொல்லுது, சூரியனுக்காக எங்க சோத்துல கைய வைக்காத புள்ள," என்றது ஒரு குரல். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. "உங்க தராசாலதான் என் ரெண்டு வருசப் படிப்பே மண்ணாப் போயிருச்சு! ரெண்டு நிமிசம் பொறுக்க முடியாதா?" என்று கத்திவிட்டேன். வரிசை கப்பென்று அடங்கியது. அம்மா வரிசையின் நடுவில் மூட்டையோடு நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்து அடுத்த வீட்டு அத்தைதான் முன்னால் வந்து தன் மூட்டையைக் கீழே போட்டார். "அணைங்க ஐயா. ரெண்டு நிமிசத்துல குடி முழுகிறாது. அவ அப்பன் நமக்கு எத்தன தடவ நின்னிருக்காரு."

கணக்கப்பிள்ளை என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேல போங்க. கையக் காட்டுங்க, அணைக்கிறேன்," என்றார்.

மூச்சு வாங்க மேலே ஏறிக் கையைக் காட்டினேன். கோடு தொப்பென்று விழுந்தது. மறுபடி காட்டினேன், ஏறியது. மூன்று தடவை. மூன்றாம் தடவை விழுந்தபோது ஈரப் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை கீழேயிருந்து, "சரியா புள்ள?" என்று கத்தினார். "சரி அத்த!" என்று நானும் கத்தினேன். அழுகையாக வந்தது, குரல் மட்டும் எப்படியோ தெம்பாக வந்தது.

இதில் என்னைக் கொன்ற விஷயம் எது தெரியுமா? வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். கொழும்பிலிருந்து வந்த ஒருத்திக்குப் பெரட்டு எத்தனை மணிக்கு, பகல் நிறுவை எத்தனை மணிக்கு என்று தெரியாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பதிலிருந்து மாலையில் கூடையைக் கவிழ்ப்பது வரைக்கும் மணிக்கணக்கோடு அறிந்து வளர்ந்தவள் நான். படிக்கப் போனதே அதையெல்லாம் மறக்கத்தான். நன்றாகவே மறந்திருந்தேன்.

அன்று மாலை முழுக்கத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் எடுக்கிற ஒரே இடம் அது. ஒரு யோசனை வந்தது, அதை மறைக்கமாட்டேன். கிழமைகளைப் போடாமல் எண்களோடு அப்படியே காட்டினால் என்ன? குழுவில் யாருக்கு மடுவம் தெரியும்? தரமுயர்த்திய பிறகு, அடுத்த வருஷம், மெதுவாகத் தப்பைக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். எட்டு நாளில் நியமனக் கடிதமும் இல்லாமல் தரமுயர்வும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பதைவிட அது மேல். இந்த யோசனையோடு கால் மணி நேரம் நான் சௌகரியமாகவே இருந்தேன். பிறகு பேராசிரியரை அழைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அணைத்ததும் போட்டதும் வரைக்கும். அவருக்கும் அது சின்ன அடியல்ல. எங்கள் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை ஆய்விதழுக்குப் போயிருந்தது.

"பிள்ளை, நீர் பதறாதையும். ஒரு நாள் சோதனையை வைச்சு இரண்டு வருச வேலையைத் தூக்கி எறிய ஏலாது. அடங்கின நாள் எல்லாம் ஞாயிறும் போயாவும்தானோ? ஒண்டுகூட மிச்சமில்லையோ?"

"தைப்பொங்கல், தீபாவளி, மே தினம் எல்லாம் இருக்குங்க மேடம். எல்லாமே வேல இல்லாத நாளுங்க."

"வடிவாப் பாரும். வேலை நாளிலை ஒருநாள் அடங்கியிருந்தாலும், அங்கை தராசு ஓடேக்கையும் அலை வரேல்லை எண்டு ஆகும். அப்ப உம்மடை மடுவக் கதை பொய்க்கும். விளங்குதோ?"

விளங்கியது. முழுகப்போகிறவளுக்குக் கயிறு போட்ட மாதிரி இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பைத் திறந்து பட்டியலை உருட்டினேன். ஞாயிறு. போயா. ஞாயிறு. அப்புறம் ஒரு புதன். அதற்கு அடுத்த வியாழன்.

"இருக்கு மேடம்! ஒரு புதனும் வியாழனும் இருக்கு. போயா இல்ல. பெட்டி நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு, அலை மட்டும் இல்ல!"

"பாத்தீரோ!" அவர் குரல் துள்ளியது. "நான் சொல்லேல்லையே? அந்த ரெண்டு நாளுக்கும் உம்மட்டை விடை இருக்கோ? இல்லையெண்டால் நாங்கள் இதை விடக்கூடாது. திகதி என்ன எண்டு பாரும்."

எண்ணைத் திகதியாக மாற்றும் பொத்தானை அழுத்தினேன். நம்பிக்கை எனக்கு நெஞ்சுவரை வந்திருந்தது. திகதி வந்தது.

அந்தப் புதன்கிழமை விடியற்காலையில்தான் அப்பா போனார். வியாழன் பகலில் அடக்கம் செய்தோம்.

எங்கள் தோட்டத்தில் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த டிவிஷனில் யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது, வழக்கம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெரட்டுக் களத்தில் யாராவது போய் நின்று அதைச் சொல்ல வேண்டும். பாதிப் பேரையாவது அனுப்பு என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள், ஒரு நாள் மட்டும் என்று கேட்பார்கள், அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்தவர் அப்பா. கோயில், சர்ச் என்ற பேதமில்லை, யார் வீட்டுக் கேதமானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். "எடுக்கிற வரைக்கும் வேல இல்லைங்க ஐயா" என்று அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்வாராம். அவருடைய சாவுக்கு யார் போய் நின்றார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்த இரண்டு நாளும் நான் சவப்பெட்டியின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தேன், யார் வேலைக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? மடுவம் பூட்டியிருந்தது. இன்வேர்ட்டரை யாரும் போடவில்லை. லயத்துக்குப் பின்னால் அப்பா நாட்டிய கம்பி அதைக் கேட்டு, தட்டையாக இரண்டு கோடு போட்டு வைத்திருந்தது. என் நிரல் அதன் பக்கத்தில், நிகழ்வு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது.

"பிள்ளை? இருக்கிறீரோ? என்ன திகதி?"

"மேடம், அது எங்கப்பா இறந்த நாளுங்க."

அதற்கு மேல் எதையும் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவர் என் அப்பாவின் அடக்கத்துக்கு அந்த மலைப்பாதையில் நடந்து வந்தவர். "என்ரை கடவுளே" என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "கட்டுரையை நான் திருப்பி எடுக்கிறன். நீர் குழுவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும். நான் பக்கத்திலை இருப்பன்" என்றார்.

எட்டு நாள் கழித்துக் குழுவின் முன் நின்றேன். முதல் படத்தையே, நான் கண்டது சூரியன் இல்லை, தராசு என்று தொடங்கினேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலம் தடுமாறும்போதெல்லாம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து வந்த சிங்களப் பேராசிரியர் கடைசியில் விரலை நீட்டி, எல்லாம் விடுமுறை நாட்கள், சரி, இந்த இரண்டு நாள் மட்டும் என்ன என்று கேட்டார். என் தந்தை இறந்தார், தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை என்றேன். தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

தரமுயர்வு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி வா என்றார்கள். வேலை நாள் பதிவுகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, சத்தம் கலக்காத நாட்களை மட்டும் வைத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த வருஷம் எப்படி ஓடும், யார் சோறு போடுவார்கள் என்று குழு சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் முதலாம் ஆண்டுப் பூசை. சர்ச்சிலிருந்து திரும்பி வந்து, அம்மா செருப்பைக் கழற்றுமுன்னே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தரமுயர்வு இல்லை என்பதையும், டீச்சர் வேலையை நானே தவறவிட்டதையும். அம்மா மாதா படத்துக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்தாள். "அப்ப ஒரு மாசமா நா எதுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மன்னிச்சிரும்மா."

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். தேங்காய் துருவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மடுவத்துல அன்னிக்கு என்னாத்தக் கண்டுபிடிச்ச? தராசால படிப்பு போச்சுன்னு கத்துனியே, சொல்லு" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். இது நீங்க நிறுக்கிற நேரம், இது ஞாயித்துக்கெழம, இது நத்தாரு என்று ஒவ்வொன்றாக. அம்மா கூர்ந்து பார்த்தாள். ஏறி ஏறி நின்ற கோடுகளுக்கு நடுவில் தட்டையாகக் கிடந்த இரண்டையும் காட்டி, "இது அப்பா செத்த அன்னிக்கும் மறுநாளும்" என்றேன்.

அவள் விரலால் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் தடவினாள். விரலில் இருந்த தேங்காய்ப் பூ திரையில் ஒட்டிக்கொண்டது.

"ஒருத்தர்கூடப் போகலல்ல," என்றாள். "அன்னிக்குப் பெரட்டுக்கு யாரு போயி நிக்கிறதுன்னு தெரியாம எல்லாரும் முழிச்சாங்க. எப்பவும் உங்கப்பாதான போவாரு. கடைசியில பக்கத்து வீட்டுக்காரி போனா. ரெண்டு நாளும் அவதான் போனா."

அத்தை மடுவத்தில் மூட்டையைக் கீழே போட்டது ஞாபகம் வந்தது.

"தப்பா வந்ததெல்லாம் அழிச்சிருவீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"மத்ததெல்லாம் ஒதுக்கிருவோம். இது சுத்தமா இருக்கும்மா. இது ஆராய்ச்சிக்கு வேணும்."

"வேணுமில்ல?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். அப்புறம் முந்தானையால் திரையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் துடைத்துவிட்டு, பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.